கோடு கூறும் உண்மை
இல்லத்து இணைய வேகத்தை அளந்து வரைந்த வரலாறு

அளத்தல் மனிதனின் மிகப் பழைய கலைகளுள் ஒன்று. நிலத்தைக் கோலால் அளந்தான். நெல்லை மரக்காலால் அளந்தான். பொழுதை நாழிகை வட்டிலால் அளந்தான். ஆயின் ஒரு பொருளை ஒருமுறை அளந்து அறிவது வேறு. அதனையே நாள்தோறும் ஒரே முறையில் அளந்து, கிடைத்த எண்களை வரிசைப்படுத்தி, அதன் போக்கை அறிவது வேறு. தோட்டத்தில் வாழ்ந்தோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. மழைமானியில் இன்று காலை எவ்வளவு நீர் நின்றது என்பது ஒரு செய்தி. அலுவலகத்து மழைப் பதிவேட்டில் ஆண்டு முழுவதும் எழுதி வைத்த எண்களோ, பால்வெட்டு எத்தனை நாள் தடைப்பட்டது, எம்மாதத்தில் உரமிடலாம் என்பவற்றையெல்லாம் உரைக்கும் சான்று.

நம் இல்லங்களுக்குள் வந்துள்ள இணையத்தின் வேகமும் அவ்வாறு அளந்து எழுதி வைக்கத் தக்கதே. 2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் மலேசியாவில் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, பிள்ளைகள் பள்ளிக்கு வரும் பாதை இணையம் ஒன்றே ஆயிற்று. அவ்வாண்டு ஜூன் மாதம் சபா மாநிலத்தில் ஒரு மாணவி இணைய இணைப்புக்காக மரத்தின்மேல் ஏறி இரவைக் கழித்துத் தேர்வு எழுதியதை நாடே கண்டது. அன்று தொடங்கி, "எங்கள் வீட்டில் வேகம் இல்லை" என்று பெற்றோர் கூறுவதும், "போதிய வேகம் அங்கு உண்டு" என்று இணைப்புத் தருவோர் கூறுவதும் நாம் பலகாலும் கேட்டவை. சொல்லுக்கு எதிர்ச்சொல் கூறுதல் எளிது. சான்று வந்த பின்னரே வழக்குத் தீரும். அச்சான்றைத் தாளில் ஒரு கோடாக வரைந்து காட்டும் முறை எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

காலத்தைத் தாளில் விரித்தவர்

காலத்தைக் கிடைக்கோட்டிலும் அளவைச் செங்குத்துக் கோட்டிலும் குறித்துப் புள்ளிகளை இணைக்கும் முறையை இன்று ஆரம்பப் பள்ளி மாணவனும் அறிவான். அதனைப் பொதுமக்கள் படிக்கும் நூலில் முதன்முதலாகப் பெருமளவில் கையாண்டவர் வில்லியம் பிளேஃபேர் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர். 1759இல் பிறந்த இவர், நீராவி எந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராகப் பணி செய்தவர். 1786இல் இவர் வெளியிட்ட வணிக, அரசியல் படநூலில் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிகள் கோடுகளாக வரையப்பட்டிருந்தன. ஒரு கோடு ஏற்றுமதி. மற்றொரு கோடு இறக்குமதி. இரண்டுக்கும் இடைப்பட்ட பரப்பே நாட்டின் ஆதாயம் அல்லது இழப்பு. பல பக்க எண்களைப் படித்து உணர வேண்டியதைக் கண் ஒரு நொடியில் உணர்ந்தது.

ஆசிரியர்களாகிய நாம் கருதத்தக்க செய்தி ஒன்றும் இங்கு உண்டு. பிளேஃபேர் இளமையில் தந்தையை இழந்தவர். தமையனார் ஜான் பிளேஃபேரிடம் பாடம் கற்றவர். கணித அறிஞரான அத்தமையனார், வெப்பமானி காட்டும் அளவைப் பதிவு செய்து, அதன் ஏற்ற இறக்கத்தைக் கோடுகளாகக் குறிக்கும்படி தம்பியைப் பயிற்றினார். இளமையில் செய்த அப்பயிற்சியே பின்னாளில் ஒரு நாட்டின் வணிகத்தை வரைந்து காட்டும் கலையாக மலர்ந்தது.

கடலடிக் கம்பியும் நம் மண்ணின் பாலும்

செய்தி செல்லும் வேகத்தை மனிதன் கவலையோடு எண்ணத் தொடங்கியது தந்தியின் காலத்தில்தான். 1858 ஆகஸ்டு மாதம் அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே அட்லாண்டிக் கடலடியில் முதல் கம்பி இணைந்தது. விக்டோரியா அரசியார் அமெரிக்க அதிபருக்கு விடுத்த 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி சென்றடைய ஏறத்தாழ 16 மணி நேரம் ஆயிற்று. ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம் என்பது கணக்கு. சில வாரங்களில் அக்கம்பி பழுதுற்று ஊமையானது. 1866இல் இட்ட கம்பியோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 சொற்களைக் கொண்டு சென்றது. எட்டே ஆண்டுகளில் வேகம் எண்பது மடங்கு உயர்ந்தது.

இவ்வுயர்வுக்குப் பெருங்காரணமானவர், பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்ற வில்லியம் தாம்சன். கம்பியின் நீளம் இரு மடங்கானால் குறிப்பின் தாமதம் நான்கு மடங்காகும் என்பதை அவர் முன்னரே கணித்துக் கூறியிருந்தார். 1867இல் அவர் உரிமம் பெற்ற மைக்குழாய்ப் பதிகருவி, கடலடிக் கம்பியில் வரும் மெல்லிய மின்குறிப்பை ஓடும் தாளின்மீது நெளிகோடாக வரைந்தது. கம்பியின் உடல்நிலையைக் கம்பியே தன் கையால் எழுதிக் காட்டியது எனலாம். மருத்துவர் நாடியை அறிவது போலத் தந்திப் பொறியாளர் அக்கோட்டின் நெளிவைக் கண்டு கம்பியின் நலத்தை அறிந்தனர்.

இவ்வரலாற்றில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. கடல்நீர் புகாதவாறு கம்பியைப் போர்த்தியது கெத்தா பெர்ச்சா என்னும் பிசின். அது மலாய்த் தீவக்குறைக் காடுகளிலும் அண்டைத் தீவுகளிலும் வளரும் தாபான் மரத்தின் பால். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மாண்ட்கோமரி 1840களின் தொடக்கத்தில் அதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். அதன்பின் உலகக் கடல்களில் இட்ட கம்பிகளுக்காக இங்கு வெட்டி வீழ்த்தப்பட்ட மரங்கள் எண்ணில. 1870ஆம் ஆண்டின் இறுதிக்கும் 1871ஆம் ஆண்டின் தொடக்கத்துக்கும் இடையில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி வந்து சேர்ந்தது. கப்பல் கரை சேரும் வரை காத்திருந்த செய்தி, தமிழகக் கரைக்கும் மலாயாக் கரைக்கும் இடையே அன்று முதல் கம்பியில் ஓடலாயிற்று.

நானூறு கெஜத்தில் நின்று போன வலை

தந்தியின் வேகத்தைச் சொற்களால் எண்ணினர். கணினியின் வேகத்தை எண்ணப் பிட்டு என்னும் அலகு பிறந்தது. ஆம், இல்லை என்னும் இரண்டில் ஒன்றைக் கூறும் மிகச் சிறிய செய்தியே ஒரு பிட்டு. அமெரிக்கப் பொறியாளர் கிளாடு சேனன் 1948இல் வெளியிட்ட ஆய்வுரை இவ்வலகை நிலைநாட்டியது. ஒரு தடத்தின் அகலமும் அதில் கலக்கும் இரைச்சலும் தெரிந்தால், அத்தடம் வினாடிக்கு எத்தனை பிட்டுகளைப் பிழையின்றிக் கொண்டு செல்லும் என்பதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்பதையும் அவ்வுரை மெய்ப்பித்தது. எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்டு. கோப்பின் பருமனைப் பைட்டிலும் இணைப்பின் வேகத்தைப் பிட்டிலும் கூறுவது வழக்கமாதலால், இவ்வெட்டு மடங்கு வேறுபாட்டை மறந்து மயங்குவோர் பலர்.

இணையத்தில் காலத்தை அளக்கும் எளிய கருவி ஒன்றை 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் எழுதினார். பிங் என்பது அதன் பெயர். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் ஒலிக்கருவியின் ஓசையையொட்டி அப்பெயர் வந்தது. கிணற்றில் கல்லைப் போட்டு ஒலி கேட்கும் நேரத்தைக் கொண்டு ஆழத்தை மதிப்பது போல, ஒரு சிறு குறிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை அக்கருவி கணக்கிடும்.

1986 அக்டோபரில் இணையம் ஒரு பெரும் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடைத்தொலைவு 400 கெஜம். அவற்றுக்கிடையே வினாடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாக வீழ்ந்தது. எண்ணூற்றில் ஒரு பங்காயிற்று. கம்பி அறுபடவில்லை, கருவியும் பழுதாகவில்லை. அனுப்பியதற்கு மறுமொழி வராத கணினிகள் அதையே மீண்டும் மீண்டும் அனுப்பின. அதனால் நெரிசல் மேலும் மிகுந்தது. தைப்பூசத்தன்று பத்துமலைப் படிகளில் முண்டியடிக்கும் கூட்டத்தை எண்ணினால் இது விளங்கும். எல்லாரும் ஏற முயன்றால் எவரும் ஏற முடியாது.

இதன் காரணத்தை ஆராய்ந்தவர் வான் ஜேக்கப்சன். உடன் உழைத்தவர் மைக்கேல் கேரல்ஸ். 1988இல் வெளிவந்த அவர்களது ஆய்வுரையில் காலத்தைக் கிடைக்கோட்டில் வைத்து வரைந்த படங்கள் இடம்பெற்றன. பழைய முறையில் அனுப்பிய செய்திப்பொதிகள் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் முட்டி நிற்பது ஒரு படத்தில் தெரிந்தது. புதிய முறையில் அவை சீராக மேலேறுவது மற்றொரு படத்தில் தெரிந்தது. முதலில் சிறிதளவே அனுப்புக. பெற்றுக்கொண்டதாக மறுமொழி வர வர அளவைக் கூட்டுக. மறுமொழி தவறின் உடனே குறைக்க. இதுவே அப்புதிய முறை. இன்று நம் வீட்டில் ஒரு படக்காட்சி தொடங்குகையிலும் இவ்வொழுக்கத்தின் வழிவந்த விதிகளே தொழிற்படுகின்றன.

ஒரு கம்பியும் அதன் நாட்குறிப்பும்

இணைப்பின் போக்கை நாள் முழுதும் இடைவிடாது வரையும் கருவி ஒரு கல்விக்கூடத்தில் பிறந்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. 1994இல் இங்கிலாந்தின் டி மாண்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பணி செய்த டோபியாஸ் ஓட்டிக்கர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டவர், வெளியுலகோடு தம் இடத்தை இணைத்த ஒரே தடத்தைக் கவனித்தார். அதன் வேகம் வினாடிக்கு 64,000 பிட்டு. ஒரே நேரத்தில் பலர் அதனை நம்பியிருந்தனர். அத்தடம் எந்நிலையில் உள்ளது என்று அனைவரும் அறிய விரும்பினர். ஆகவே அவர், அத்தடத்தின் போக்குவரத்தை வலைப்பக்கத்தில் கோடாக வரைந்து காட்டும் ஒரு சிறு நிரலை எழுதினார். 1995இல் அதனை எவரும் இலவசமாகப் பயன்படுத்துமாறு வெளியிட்டார். எம்.ஆர்.டி.ஜி. என்னும் பெயரில் அது உலகெங்கும் பரவிற்று.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அக்கருவி எண்ணைப் படிக்கும்; ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம், ஓர் ஆண்டு என நான்கு படங்களை வரையும். கணினியில் இடம் நிறைந்துவிடாதபடி, பழைய எண்களைச் சுருக்கிச் சராசரியாக்கி வைக்கும். 1999இல் அவரே வெளியிட்ட ஆர்.ஆர்.டி. என்னும் கருவி இதனை இன்னும் செம்மையாகச் செய்தது. நேற்றைய நிகழ்ச்சி நிமிட வாரியாக நினைவில் நிற்கும். சென்ற ஆண்டின் நிகழ்ச்சி நாள் வாரியாகவே நிற்கும். மனித நினைவும் ஏறக்குறைய இவ்வாறே என்பதை எண்ணின் வியப்பாக உள்ளது.

இங்கு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். இக்கருவி காட்டுவது தடத்தில் சென்ற போக்குவரத்தின் அளவு. அத்தடத்தில் எவ்வளவு செல்லக்கூடும் என்பது வேறு வினா. சாலையில் இன்று எத்தனை வண்டிகள் சென்றன என்பதும், அச்சாலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்பதும் ஒன்றல்லவே.

சொன்ன வேகமும் வந்த வேகமும்

இரண்டாம் வினாவுக்கு விடை காணும் கருவியே வேகச் சோதனை. 2006இல் ஊக்லா நிறுவனம் தொடங்கிய ஸ்பீட்டெஸ்ட் வலைத்தளம் இதனை எளிய மக்களும் செய்யும் செயலாக்கியது. பொத்தானை அழுத்தியதும் ஒரு சேவைக் கணினியிலிருந்து தரவு இறங்கும், பின்னர் ஏறும், எத்தனை வினாடியில் எத்தனை பிட்டு சென்றது என்று கணக்கிடப்படும். பெரும்பாலும் அருகிலுள்ள சேவைக் கணினியே தேர்ந்தெடுக்கப்படுவதால், அச்சோதனை காட்டுவது வழியின் ஒரு பகுதியின் நிலையே. பாடம் இருக்கும் தளம் கடல் கடந்த நாட்டில் இருப்பின் அவ்வழியின் நிலை வேறாக இருத்தல் கூடும்.

அரசுகளும் இத்துறையில் இறங்கின. பிரிட்டனின் ஒழுங்காணையமான ஆஃப்காம், விருப்பமுள்ளோர் இல்லங்களில் சிறு கருவிகளைப் பொருத்தி, நாள்தோறும் வேகத்தை அளக்கச் செய்தது. 2009 சனவரியில் வந்த முதல் முடிவு நாட்டினரைத் திகைக்க வைத்தது. விளம்பரங்கள் உரைத்த வேகம் சராசரியாக 7.2 மெகாபிட்டு, இல்லங்களுக்கு வந்த வேகமோ சராசரியாக 3.6 மெகாபிட்டு. சரிபாதி! அமெரிக்க ஆணையம் 2011இல் இதே முறையில் அளந்தபோது, நெருக்கடி மிக்க மாலை நேரத்தில் செப்புத் தொலைபேசிக் கம்பிவழி இணைப்புகள் சொன்னதில் 82 விழுக்காட்டையும், தொலைக்காட்சி வடவழி இணைப்புகள் 93 விழுக்காட்டையும், ஒளியிழை இணைப்புகள் 114 விழுக்காட்டையும் தந்தன. சொன்னதற்கு மேல் தருவோரும் உளர் என்பதை அதே அளவை காட்டிற்று. அளவை எவர்க்கும் பகையன்று, எவர்க்கும் உறவுமன்று.

நம் நாட்டுக்கு வருவோம். 1990களில் ஜாரிங், டிஎம்நெட் ஆகியவற்றின் வழி இணையம் தொலைபேசிக் கம்பியில் வந்தது. மோடம் கூவி முடித்து இணைந்த பின் கிடைத்த உச்ச வேகம் அப்பத்தாண்டின் இறுதியில் வினாடிக்கு 56,000 பிட்டு. ஒரு மெகாபைட்டு அளவுள்ள ஒரு புகைப்படம் இறங்க அதில் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் வேண்டும். 100 மெகாபிட்டு இணைப்பிலோ ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கும் வேண்டியதில்லை. பின்னர் ஸ்திரீமிக்ஸ் என்னும் அகலக்கற்றைச் சேவை அதே செப்புக் கம்பியில் வந்தது. 2010 மார்ச்சில் யூனிஃபை ஒளியிழைச் சேவை 5, 10, 20 மெகாபிட்டு வேகங்களில் தொடங்கிற்று. 2020இல் அறிவிக்கப்பட்ட ஜெண்டேலா திட்டம், கைப்பேசி இணையத்தின் சராசரி வேகம் 35 மெகாபிட்டை எட்ட வேண்டும் என்றும், 75 இலட்சம் இல்லங்களுக்கும் கட்டடங்களுக்கும் ஒளியிழை சென்றடைய வேண்டும் என்றும் 2022ஆம் ஆண்டுக்குரிய இலக்குகளை வகுத்தது.

இவ்வளர்ச்சி போற்றத்தக்கது. எனினும் செப்புக் கம்பியில் தொலைவு கூடக் கூட வேகம் குன்றும் என்னும் இயற்கை நியதி தாம்சன் காலத்தில் போலவே இன்றும் உண்டு. ஒளியிழை முதலில் நகரத்துக்கு வந்தது. பட்டணத்திலிருந்து பல கல் தள்ளி, மரங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் தோட்டத்து வீடுகள் தொலைபேசி நிலையத்திலிருந்தும் தொலைவு. கைப்பேசிக் கோபுரத்திலிருந்தும் தொலைவு. ஆகவே நாட்டின் சராசரி உயர்வதால் தோட்டத்துப் பிள்ளையின் வேகமும் உயர்ந்துவிட்டதாகக் கொள்ளுதல் கூடாது.

சராசரி மறைப்பது

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் பெரியோர். சோற்றுக்கு அது முற்றிலும் பொருந்தும். இணைய வேகத்துக்குப் பொருந்தாது. பானைச் சோறு முழுதும் ஒரே நெருப்பில் ஒரே நேரத்தில் வெந்தது. இணைப்போ காலையில் ஒரு நிலை, மாலையில் ஒரு நிலை, மழையில் ஒரு நிலை. காலை பத்து மணிக்குச் செய்த ஒரே சோதனை இரவு எட்டு மணியின் உண்மையைக் கூறாது.

சராசரியும் மயக்கந்தரும். எடுத்துக்காட்டாக, ஓர் இணைப்பு நாளில் 20 மணி நேரம் 100 மெகாபிட்டும், மாலை ஏழு முதல் பதினொன்று வரையுள்ள 4 மணி நேரம் 10 மெகாபிட்டும் தருவதாகக் கொள்வோம். அந்நாளின் சராசரி 85 மெகாபிட்டு. தாளில் அது நல்ல எண். ஆனால் பகலில் பள்ளியில் இருந்துவிட்டு, மாலையில் பாடம் படிக்க அமரும் பிள்ளைக்குக் கிடைப்பது பத்தே. அவ்விணைப்பை அண்ணன் ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமும் பங்கிட்டால் எஞ்சுவது இன்னும் குறைவு. எண்பத்தைந்து என்னும் எண் பொய்யன்று. ஆயினும் அப்பிள்ளையின் உண்மை அதில் இல்லை. மணி வாரியாக வரைந்த கோட்டிலேதான் மாலைப் பள்ளம் கண்ணுக்குத் தெரியும். ஆதலின் நாம் கேட்க வேண்டிய வினா "சராசரி வேகம் என்ன?" என்பதோடு நின்றுவிடலாகாது. "பிள்ளை படிக்கும் வேளையில் வேகம் என்ன?" என்பதும் கேட்கப்பட வேண்டும்.

பதிவேடு வைக்கும் முறை

இவ்வாறு வரைவதற்குப் பெருங்கருவிகள் வேண்டுவதில்லை. கோடிட்ட குறிப்பேடு, வரைதாள், ஒரு சோதனைச் செயலி ஆகியவை போதும். நாள்தோறும் குறித்த மூன்று வேளைகளில், ஒரே கருவியில், ஒரே இடத்திலிருந்து, ஒரே சேவைக் கணினியோடு அளத்தல் வேண்டும். கூடுமாயின் திசைவியோடு கம்பி கொண்டு இணைத்து அளப்பது சிறப்பு. இன்றேல் சுவரும் தொலைவும் வைஃபையைக் குன்றச் செய்வதை இணைப்பின் குறையாக எண்ணிவிடுவோம். இறங்கு வேகம், ஏறு வேகம், மறுமொழி நேரம் ஆகிய மூன்றையும் குறிக்க. முகம் காட்டிப் பேசும் வகுப்புக்கு ஏறு வேகமும் மறுமொழி நேரமும் இன்றியமையாதவை. அவ்வேளையில் வீட்டில் வேறு எவர் பயன்படுத்தினர், மழை பெய்ததா என்பவற்றையும் எழுதுக. அளவை வராத நாளையும் விடாது எழுதுக. வருகைப் பதிவேட்டில் வராத நாளும் ஒரு பதிவே அன்றோ?

ஒரு மாதம் கழித்து அவ்வெண்களைக் கோட்டுக் குறிவரைவாக வரைந்தால் கோடு பேசத் தொடங்கும். நாள்தோறும் மாலையில் பள்ளம் விழுந்தால் பலர் கூடிய நெரிசல் என்று கொள்ளலாம். மழை நாளில் மட்டும் வீழ்ந்தால் கம்பியின் இணைப்பில் நீர் புகுந்துள்ளதா என்று பார்க்கச் சொல்லலாம். எந்நேரமும் ஒரே தாழ்ந்த மட்டத்தில் கிடந்தால், பெற்ற சேவைத் திட்டத்தையும் வீட்டுத் திசைவியையும் முதலில் ஆராயலாம். ஒரு நாள் தொடங்கிப் படி இறங்கியது போல் தாழ்ந்து நின்றால், அந்நாளில் நேர்ந்த மாற்றம் யாது என்று வினவலாம். கோடு காரணத்தை முடிவாகக் கூறாது. எங்கே தேட வேண்டும் என்பதைக் காட்டும். ஒரு நாள் கோபத்தில் எழுதிய முறையீட்டைவிட, தொண்ணூறு அளவைகள் கொண்ட ஒரு தாளுக்கு மதிப்பு மிகுதி. தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு எழுதுவோரும் அத்தாளை இணைத்து எழுதுதல் நன்று.

ஆசிரியர்க்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. தரவைக் கையாளுதல் என்னும் பாடத்தில் சராசரி, நடுவெண், வீச்சு ஆகியவற்றைக் கற்பிக்கிறோம். கடையில் விற்ற மாம்பழங்களின் எண்ணிக்கையைக் கொண்டு கற்பிப்பதோடு, தம் வீட்டு இணைப்பைத் தாமே அளந்த எண்களைக் கொண்டும் கற்பித்தால், நடுவெண் ஏன் வேண்டும், சராசரி எதனை மறைக்கும் என்பவற்றை மாணவர் தாமே உணர்வர்.

ஸ்காட்லாந்தில் ஒரு தமையனார் தம்பிக்குக் கற்பித்ததும் இதுவே: பார், அள, எழுது, வரை. மைக்குழாய்க் கருவியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரையும் கணினி நிரல் வரை கருவிகள் பல மாறின. இந்நால்வகைப் பயிற்சி மாறவில்லை. பணமும் பதவியும் இல்லாதோர் தம் குறையைப் பிறர் மறுக்க இயலாதவாறு எடுத்துரைக்க இதைவிடச் செலவில்லா வழி வேறொன்றும் இல்லை. அதைப் பிள்ளைகளின் கையில் கொடுப்பது நம் கடமை.